தூரத்துக் குறியும் தோட்டாவின் தேர்வும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் புல்வெளிகளில், மேய்ச்சலுக்கும் பயிருக்கும் கேடு செய்வனவாகக் கருதப்படும் சிறு விலங்குகளை நெடுந்தூரத்திலிருந்து ரைபிளால் சுடும் வழக்கம் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. இவ்விலங்குகளை அந்நாட்டு மக்கள் ‘வார்மின்ட்’ என்னும் பொதுப் பெயரால் குறிப்பர். வளைகளில் கூட்டமாக வாழும் பிரெய்ரி நாய், நில அணில், உட்சக் எனப்படும் பருத்த மலையணில், ஆட்டுக்குட்டிகளைக் கவரும் கயோட்டி என்னும் சிறு ஓநாய் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. பிரெய்ரி நாய் பெயரளவில் மட்டுமே நாய். உண்மையில் அது அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிப்பான்.

இவ்வேட்டைக்கு எந்தத் தோட்டா ஏற்றது என்னும் வினா அந்நாட்டில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அவ்வினாவை இங்கு ஆராய்வதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. புவியீர்ப்பு, காற்றின் தடை, சுழற்சி ஆகிய பௌதிக விதிகள் மூன்றும் ஒரே பொருளின்மீது ஒருங்கே செயற்படுவதை மாணவர்க்கு விளக்க இதனினும் தெளிவான உதாரணம் அரிது. இது ஆசிரியர்களுக்கு உரியது. பயிரைக் காக்க விலங்குகளைச் சுட அனுமதிக்கலாமா என்னும் கேள்வி எழும்போது, ஒரு தோட்டாவால் இயல்வது எது, இயலாதது எது என்பதை அளவுகளோடு அறிந்திருத்தல் நலம். இது வெளிக்களப் பணியாளர்களுக்கு உரியது.

குறியின் அளவு

முதலில் குறியையே நோக்குவோம். வளையின் வாயிலில் நிமிர்ந்து நிற்கும் பிரெய்ரி நாயின் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். உடலின் அகலமோ அரைச் சாண் அளவே. கணக்கின் பொருட்டு அவ்வகலத்தை 10 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். நடுவிலிருந்து இடப்புறமோ வலப்புறமோ 5 சென்டிமீட்டருக்கு மேல் குண்டு விலகினால், அது தவறிப்போகும்; அல்லது விலங்கைக் கொல்லாது காயப்படுத்தும். காயமுற்ற விலங்கு வளைக்குள் புகுந்து மணிக்கணக்கில் துன்புற்று மாயும். ஆகவே குறி தவறுதல் என்பது வெறும் விளையாட்டுத் தோல்வியன்று.

சிறந்த ரைபிளும் குண்டுகள் அனைத்தையும் ஒரே துளையில் செலுத்துவதில்லை. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை எனப்படும். ஒரு கலை அளவிற்குள் குண்டுகளைத் திரட்டும் ரைபிள் நல்ல ரைபிள் எனக் கருதப்படுகிறது. ஒரு கலை என்பது 100 மீட்டர் தூரத்தில் 2.9 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 8.7 சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள குறியில் 8.7 சென்டிமீட்டரை ரைபிளின் இயல்பான சிதறலே எடுத்துக்கொண்டால், மற்றெல்லாப் பிழைகளுக்கும் எஞ்சும் இடம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தோட்டாவின் உறுப்புகளும் பெயர்களும்

தோட்டா என்பது நான்கு உறுப்புகளின் கூட்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்த கேப்பு, உள்ளிருக்கும் வெடிமருந்து, வாயில் செருகப்பட்ட குண்டு ஆகியன அவை. பேச்சு வழக்கில் குண்டையும் தோட்டாவையும் ஒன்றாகக் கூறுவதுண்டு; இக்கட்டுரையில் அவ்விரண்டையும் வேறுபடுத்தியே வழங்குவோம். குழலை விட்டு வெளியே பறப்பது குண்டு ஒன்றே.

தோட்டாக்களின் பெயர்களில் உள்ள எண்களை அளவுகள் என நம்பிவிடலாகாது. .220 ஸ்விஃப்ட், .222 ரெமிங்டன், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் ஆகிய நான்கின் பெயர்களும் வேறு வேறு. ஆயினும் நான்கிலும் செல்லும் குண்டின் விட்டம் ஒன்றே, அதாவது 0.224 அங்குலம் அல்லது 5.69 மில்லிமீட்டர். வேறுபடுவது கூட்டின் கொள்ளளவும் அதிலடங்கும் மருந்தின் அளவுமே. ‘22-250’ என்பதிலுள்ள 250, எந்தப் பழைய தோட்டாவின் கூட்டைக் கழுத்தளவில் குறுக்கி இது செய்யப்பட்டதோ, அந்த .250 சாவேஜ் தோட்டாவைச் சுட்டுகிறது. பெயர் ஒத்திருப்பதை மட்டும் கண்டு ஒரு ரைபிளில் மற்றொரு தோட்டாவை இடுதல் பேரபாயம். குழலின்மீது பொறிக்கப்பட்டுள்ள பெயருக்குரிய தோட்டாவையே இடல் வேண்டும்.

வேகத்தை நாடிய வரலாறு

1930-ஆம் ஆண்டில் வின்செஸ்டர் கம்பெனி விற்பனைக்குக் கொணர்ந்த .22 ஹார்னெட், இவ்வேட்டைக்கெனவே பெயர் பெற்ற முதல் தோட்டாக்களுள் ஒன்று. அதன் 2.9 கிராம் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் புறப்படும். ஓசையும் உதைப்பும் குறைவு. ஆயினும் அதன் குட்டையான, மழுங்கிய குண்டு காற்றில் விரைவில் தளர்ந்துவிடும்; 300 மீட்டரை அடையுமுன்னரே அதன் வேகம் பாதிக்கும் கீழாகக் குறைந்துபோகும். எனவே ஹார்னெட் ஏறத்தாழ 150 மீட்டருக்கு உட்பட்ட தூரத்திற்கே உரியதெனக் கருதப்பட்டது.

இக்குறையைப் போக்க, 1935-ஆம் ஆண்டில் அதே கம்பெனி .220 ஸ்விஃப்ட் தோட்டாவை வெளியிட்டது. 3.1 கிராம் குண்டு வினாடிக்கு 1,250 மீட்டர் வேகத்தில் குழல்வாயை விட்டுப் புறப்பட்டது. விற்பனைக்கு வந்த தோட்டாக்களில் அத்தகைய வேகம் அதுகாறும் கண்டதில்லை. 1950-ஆம் ஆண்டில் ரெமிங்டன் கம்பெனி வெளியிட்ட .222 தோட்டா வேகத்தில் அதற்குக் குறைந்தது. குறி தவறாமையில் பெரும் புகழ் பெற்றது. அதன் வழித்தோன்றலான .223 ரெமிங்டன் 1964-ஆம் ஆண்டில் வந்தது. துப்பாக்கிக் கலைஞர்கள் தாமே செய்து பல ஆண்டுகள் பயன்படுத்திய .22-250 தோட்டாவை 1965-ஆம் ஆண்டில் ரெமிங்டன் கம்பெனி தன் பெயரால் தரப்படுத்தியது. இதற்கிடையே 1955-ஆம் ஆண்டில், 6.17 மில்லிமீட்டர் விட்டமுள்ள சற்றுக் கனத்த குண்டைக் கொண்ட .243 வின்செஸ்டர் தோன்றியது. 2004-ஆம் ஆண்டில் வந்த .204 ரூகர், 2.1 கிராம் குண்டை ஸ்விஃப்டினும் விரைவாகச் செலுத்தியது.

வேகம் ஏற ஏறக் குறி தப்பாது என்னும் எண்ணமே இவ்வரலாற்றின் பெரும்பகுதியை இயக்கிற்று. அவ்வெண்ணம் எந்த அளவிற்கு உண்மை என்பதை இரு கணக்குகளால் சோதிப்போம்.

வீழ்ச்சி

கிடையாகச் சுடப்பட்ட குண்டும், அதே உயரத்திலிருந்து அதே கணத்தில் கையினின்று நழுவவிட்ட குண்டும், காற்றின் தடையைக் கருதாவிடில், ஒரே நேரத்தில் தரையை அடையும். முன்னோக்கிய வேகம் எவ்வளவாயினும் புவியீர்ப்பு தன் வேலையைக் குறைத்துக்கொள்வதில்லை. வகுப்பில் இதனை இரண்டு காசுகளைக் கொண்டு காட்டலாம். மேசையின் விளிம்பில் ஒரு காசை வைத்து விரலாற் சுண்டுக. அதே கணத்தில் மற்றொன்றை மேசையின் உயரத்திலிருந்து நழுவ விடுக. இரண்டும் தரையில் மோதும் ஓசை ஒன்றாகவே கேட்கும்.

ஆகவே வேகமான குண்டு ‘விழாமற் செல்கிறது’ என்பது சரியன்று. குறியை விரைவில் அடைவதால் விழுவதற்கு அதற்கு நேரம் குறைவு என்பதே உண்மை. .223 தோட்டாவின் 3.56 கிராம் குண்டு வினாடிக்கு 988 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, 300 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.375 வினாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் அது குழலின் நேர்கோட்டிலிருந்து 60 முதல் 70 சென்டிமீட்டர் வரை விழுந்துவிடும். குறிபார்க்கும் தொலைநோக்கியை 300 மீட்டருக்குப் பொருந்தத் திருத்திவைத்தால் இவ்வீழ்ச்சி ஈடுசெய்யப்படும்.

இடர் எங்கு நேர்கிறதெனில், தூரத்தை மதிப்பிடுவதில். 330 மீட்டரில் நிற்கும் விலங்கை 300 மீட்டரில் உள்ளதாக எண்ணிச் சுட்டால் குண்டு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்து படும். சமமான புல்வெளியில், ஒப்பிட மரமோ வேலியோ இல்லாத இடத்தில், கண்ணளவால் இப்பிழை நேர்வது எளிது. லேசர்க் கதிரால் தூரத்தை அளக்கும் சாதனம் வந்தபின் இவ்விடர் பெருமளவு நீங்கிற்று. தூரம் சரியாகத் தெரிந்தால் வீழ்ச்சியைக் கணக்கிட்டே திருத்திவிடலாம். தோட்டாவின் வேகம் அங்கு அவ்வளவு முக்கியமன்று.

காற்று

குறுக்கே வீசும் காற்று அத்தகையதன்று. அது கணத்துக்குக் கணம் மாறும். சுடுபவன் நிற்குமிடத்தில் ஒன்றாகவும் குறியருகே வேறாகவும் இருக்கும். அதனை முழுமையாக அளக்கும் சாதனம் சுடுபவன் கையில் இல்லை.

குண்டு பறக்கும் நேரத்தைக் காற்றின் வேகத்தாற் பெருக்கினால் விலகல் கிடைக்கும் எனப் பலர் எண்ணுவர். அவ்வாறாயின் வினாடிக்கு 4 மீட்டர் காற்றில், 0.375 வினாடி பறக்கும் குண்டு ஒன்றரை மீட்டர் விலக வேண்டும். உண்மையில் அவ்வளவு விலகுவதில்லை. விலகலை நிர்ணயிப்பது குண்டின் ‘தாமதம்’ ஆகும். காற்றே இல்லாத வெற்றிடத்தில் பறந்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அதனை உண்மையில் ஆன நேரத்திலிருந்து கழித்தால் வருவது தாமதம். அதனைக் காற்றின் வேகத்தாற் பெருக்கினால் விலகல் கிடைக்கும்.

மேற்கூறிய .223 குண்டு வெற்றிடத்தில் 300 மீட்டரை 0.304 வினாடியில் கடந்திருக்கும். தாமதம் 0.071 வினாடி. வினாடிக்கு 4 மீட்டர் காற்றில் விலகல் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர். மரத்தின் இலைகளும் சிறு கிளைகளும் இடைவிடாது அசையும் காற்று இத்தகையது. புயலன்று, அன்றாடம் வீசுவதே.

இவ்விதியைக் கொண்டு மூன்று தோட்டாக்களை ஒப்பிடுவோம். குண்டுகளின் வடிவத்தைப் பொறுத்து எண்கள் சிறிது மாறுமாதலின் இவற்றை நடுத்தர மதிப்புகளாகக் கொள்க. தூரம் 300 மீட்டர். குறுக்குக் காற்று வினாடிக்கு 4 மீட்டர்.

.223 ரெமிங்டன்: குண்டு 3.56 கிராம், தொடக்க வேகம் 988 மீட்டர், 300 மீட்டரில் வேகம் 635 மீட்டர், விலகல் 28 சென்டிமீட்டர்.

.22-250 ரெமிங்டன்: அதே 3.56 கிராம் குண்டு. தொடக்க வேகம் 1,120 மீட்டர். 300 மீட்டரில் 740 மீட்டர். விலகல் 24 சென்டிமீட்டர்.

.243 வின்செஸ்டர்: நீண்டு கூரிய 5.6 கிராம் குண்டு. தொடக்க வேகம் 975 மீட்டர். 300 மீட்டரில் 740 மீட்டர். விலகல் 18 சென்டிமீட்டர்.

இம்மூன்று வரிகளும் ஊன்றிப் படிக்கத்தக்கவை. .243 தோட்டாவின் குண்டு மூன்றிலும் மெதுவாகப் புறப்படுவது. ஆயினும் 300 மீட்டரை அடையும்போது, தன்னினும் வினாடிக்கு 145 மீட்டர் வேகமாகப் புறப்பட்ட .22-250 குண்டுக்கு அது வேகத்தில் சமமாகிவிடுகிறது. காற்றினால் விலகுவதிலோ மூன்றிலும் குறைந்ததாக உள்ளது. கனமும் கூரிய வடிவமும் சேர்ந்து காற்றின் தடையை வெல்கின்றன. புறப்படும் வேகத்தைக் காட்டிலும், அவ்வேகத்தை இழக்காமற் காக்கும் திறனே தூரத்தில் பயன் தருவது.

ஆயினும் .243 எல்லார்க்கும் ஏற்றதெனக் கூறிவிட இயலாது. அதன் உதைப்பு மிகுதி. உதைப்பினால் தொலைநோக்கி மேலெழுந்தால் குண்டு பட்ட இடத்தைச் சுடுபவன் காண மாட்டான். காணாவிடில் அடுத்த முறை காற்றுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளவும் மாட்டான். ஒரே நாளில் பலமுறை சுடும் இவ்வேட்டையில் இது பெருங்குறை. உட்சக், கயோட்டி போன்ற பெரிய குறிக்கு .243 ஏற்றது, சிறு குறியைப் பன்முறை சுடுவோர்.223 தோட்டாவையே பெரிதும் விரும்புவதற்கு இதுவும் விலைக்குறைவும் காரணங்கள்.

குழலின் முறுக்கு

ரைபிளின் குழலினுள் செதுக்கப்பட்ட திருகுபுரிகள் குண்டைப் பம்பரம் போலச் சுழற்றுகின்றன. சுழலாத குண்டு காற்றில் கவிழ்ந்துவிடும். நீண்ட குண்டை நிலைநிறுத்த விரைந்த சுழற்சி வேண்டும். குட்டையான குண்டுக்குக் குறைந்த சுழற்சி போதும். பிரிட்டிஷ் கணித அறிஞர் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-ஆம் ஆண்டிலேயே குண்டின் நீளத்தையும் விட்டத்தையும் கொண்டு வேண்டிய முறுக்கைக் கணிக்கும் எளிய விதியொன்றை வகுத்தார்.

இதனைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு .244 ரெமிங்டன் தோட்டாவின் கதை சான்று. .243 வின்செஸ்டர் தோன்றிய அதே 1955-ஆம் ஆண்டில் இதுவும் தோன்றியது. குண்டின் விட்டமும் ஒன்றே. ரெமிங்டன் கம்பெனியார் இதனைச் சிறு விலங்கு வேட்டைக்குரியதாகக் கருதி, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் மெதுவான முறுக்கைக் குழலுக்கு அளித்தனர். வின்செஸ்டர் கம்பெனியாரோ 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று அளித்தனர். ஆதலின் அவர்களுடைய ரைபிள், மான் வேட்டைக்கு வேண்டிய 6.5 கிராம் குண்டையும் செவ்வனே செலுத்தியது. ஒரே ரைபிள் இரு வேலைக்கும் உதவ வேண்டும் என்று எண்ணிய மக்கள் .243 பக்கம் சென்றனர். 1963-ஆம் ஆண்டில் ரெமிங்டன் கம்பெனி அதே தோட்டாவை 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குடன், 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்ற புதுப் பெயரில் வெளியிட்டது. ஆயினும் இழந்த இடத்தை மீட்க முடியவில்லை. தோட்டாவைத் தெரிந்தெடுப்பவர் குழலின் முறுக்கையும் சேர்த்தே தெரிந்தெடுக்கிறார் என்பதை இக்கதை உணர்த்தும்.

குழலின் ஆயுள்

குறுகிய குழலில் மிகுந்த மருந்து எரியும்போது, கூட்டின் வாய்க்கு முன்னுள்ள குழற்பகுதி வெப்பத்தால் அரிக்கப்படும். .22-250 தோட்டாவில் எரியும் மருந்து .223 தோட்டாவினதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இரண்டிலும் துளையின் விட்டமோ ஒன்றே. .220 ஸ்விஃப்ட் குழல்களை விரைவில் கெடுப்பது என்ற பெயரைப் பெற்றமைக்குக் காரணம் இதுவே. ஓய்வின்றித் தொடர்ந்து சுடுவது எக்குழலையும் கெடுக்கும். காற்றின் விலகலில் 4 சென்டிமீட்டர் ஆதாயம் பெறக் குழலின் ஆயுளைக் கொடுக்கிறோம் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தூரமே முதற் கணக்கு

இனி முதலில் நினைவில் வைத்த எண்ணுக்குத் திரும்புவோம். 300 மீட்டரில், ஒரு கலைச் சிதறலுள்ள ரைபிளில், பிற பிழைகளுக்கு எஞ்சும் இடம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. காற்றின் வேகத்தை மதிப்பிடுவதில் வினாடிக்கு ஒரு மீட்டர் மட்டும் பிழை செய்தால் .223 குண்டு 7 சென்டிமீட்டரும், .22-250 குண்டு 6 சென்டிமீட்டரும், .243 குண்டு நாலரை சென்டிமீட்டரும் விலகும். மூன்றில் எதுவும் எஞ்சிய இடத்திற்குள் அடங்கவில்லை. சிதறலை அரைக் கலையாகக் குறைத்த மிக உயர்ந்த ரைபிளிலும் எஞ்சும் இடம் 2.8 சென்டிமீட்டரே; அங்கும் மூன்றும் தவறும்.

தூரத்தைப் பாதியாக, அதாவது 150 மீட்டராகக் குறைத்தால் நிகழ்வதைப் பாருங்கள். ஒரு கலைச் சிதறல் 4.4 சென்டிமீட்டராகிறது, எஞ்சும் இடம் ஒவ்வொரு பக்கத்திலும் 2.8 சென்டிமீட்டர். .223 குண்டின் தாமதம் 0.017 வினாடியாகக் குறைகிறது. காற்றில் வினாடிக்கு ஒரு மீட்டர் பிழை நேர்ந்தாலும் விலகல் 1.7 சென்டிமீட்டரே. குறி தப்பாது.

தூரம் பாதியானால் விலகல் பாதியாகாமல் நான்கில் ஒரு பங்கினும் குறைகிறது. தோட்டாவை மாற்றிப் பெற்ற மிகப் பெரிய ஆதாயம் 28 சென்டிமீட்டர் 18 ஆனதே. 150 மீட்டர் முன்னே நடந்து பெற்ற ஆதாயம் 28 சென்டிமீட்டர் 7 ஆனது. எந்தத் தோட்டா என்று கேட்குமுன், எவ்வளவு தூரம் என்று கேட்பதே முறையாம்.

குண்டு பட்டபின்

இதுகாறும் குண்டு குறியை அடையும் வழியை ஆராய்ந்தோம். அடைந்தபின் அது செய்வதும் தேர்வில் அடங்கும்.

மேய்ச்சல் வெளியில் கால்நடைகளும் வீடுகளும் சாலைகளும் உள்ளன. கல்லிலோ இறுகிய தரையிலோ பட்ட குண்டு உடையாமல் தெறித்துச் சென்றால் கண்ணுக்கெட்டாத இடத்தில் எவரையேனும் கொல்லக்கூடும். தடையின்றிச் செல்லுமாயின் இச்சிறு குண்டுகளும் 2 கிலோமீட்டருக்கு அப்பால் வரை செல்லவல்லவை. ஆகவே இவ்வேட்டைக்குரிய குண்டுகளை மெல்லிய செப்பு உறையுடன், நுனியில் துளையோ பிளாஸ்டிக் முனையோ வைத்துச் செய்கின்றனர். எதில் பட்டாலும் அவை துகள்துகளாகச் சிதறிவிடும். தெறிக்கும் அபாயம் குறையும், முற்றும் நீங்காது. குறிக்குப் பின்னால் மண்மேடு உள்ளதா என்று பார்த்த பின்னரே சுடல் வேண்டும் என்னும் விதி எந்தக் குண்டுக்கும் பொருந்தும்.

மனிதர்க்கு நன்மையான இப்பண்பே பறவைகளுக்குக் கேடாக முடிந்தது. இக்குண்டுகளின் உட்பகுதி ஈயம். சுடப்பட்ட பிரெய்ரி நாய்களின் உடல்கள் பெரும்பாலும் வெளியிலேயே விடப்படுகின்றன. அவற்றைக் கழுகுகளும் பருந்துகளும் பிற ஊனுண்ணிகளும் தின்கின்றன. வயோமிங் மாநிலத்தில் நிகழ்த்தி 2007-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்றில், சிதறும் குண்டால் சுடப்பட்ட உடல்களில் நூற்றுக்கு 87 உடல்களில் குண்டின் துகள்கள் காணப்பட்டன. சிதறாத குண்டால் சுடப்பட்டவற்றில் நூற்றுக்கு 7 மட்டுமே. ஈயம் வயிற்றில் கரைந்து நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கும் நஞ்சு. 1982-ஆம் ஆண்டில் 22 பறவைகளே எஞ்சியிருந்த கலிபோர்னியக் காண்டோர் கழுகை மீட்கும் முயற்சிக்கு இந்நஞ்சே பெருந்தடையாக இருந்து வந்துள்ளது. கலிபோர்னிய மாநிலம் 2013-ஆம் ஆண்டில் சட்டமியற்றி, 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் எவ்வகை வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடை செய்தது.

ஈயத்துக்கு மாற்றாகச் செம்பினால் குண்டு செய்யலாம். செம்பின் அடர்த்தி ஈயத்தினும் குறைவாதலின், அதே எடையுள்ள செப்புக் குண்டு நீளமாக இருக்கும். நீண்ட குண்டுக்கு விரைந்த முறுக்கு வேண்டும் என்று முன்னரே கண்டோம். மெதுவான முறுக்குள்ள பழைய ரைபிள்கள் பல இக்குண்டுகளுக்கு உதவாமற் போகும் காரணம் இதுவே. இன்று புதிதாக ஒரு தோட்டாவைத் தெரிந்தெடுப்போர் இதனையும் எண்ணல் வேண்டும்.

புல்வெளியின் கணக்கு

பிரெய்ரி நாய் புல்லைத் தின்று மாடுகளோடு போட்டியிடுகிறது என்பது மேய்ச்சற்காரரின் குறை. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அவ்வளைகளை நம்பி வாழும் உயிர்கள் பல. வளை ஆந்தை அங்கு முட்டையிடுகிறது. கருங்கால் பெரட் என்னும் சிறு ஊனுண்ணி, தன் உணவின் பெரும்பகுதியைப் பிரெய்ரி நாய்களிடமிருந்தே பெறுகிறது. இருபதாம் நூற்றாண்டில் நஞ்சிட்ட தானியத்தாலும், உழவாலும், பிளேக் நோயாலும் பிரெய்ரி நாய்கள் பெருமளவு அழிந்தபோது பெரட்டும் அழிந்தது. முற்றும் ஒழிந்ததென எண்ணப்பட்ட அவ்விலங்கு 1981-ஆம் ஆண்டில் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்சி ஊரருகே, ஒரு பண்ணை நாய் கொண்டுவந்த உடலால் மீண்டும் வெளிப்பட்டது. 1987-ஆம் ஆண்டிற்குள் எஞ்சிய 18 விலங்குகளையும் பிடித்து வளர்த்து, 1991-ஆம் ஆண்டு முதல் அவற்றின் குட்டிகளைப் புல்வெளிகளில் விட்டு வருகின்றனர். ஒருகாலத்தில் கேடு என்று மட்டும் கருதப்பட்ட கொறிப்பான், மற்றொன்றின் உயிராதாரம் என்று அறியப்பட்டது இவ்வாறே.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அட்டவணைகளிற் கண்ட விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. உயிருக்கோ பயிருக்கோ கேடு நேரும்போது தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் அனுமதி அளிக்கலாம். குறிப்பிட்ட விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்கு விலங்கென அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசாங்கத்துக்கு உண்டு. 2015, 2016-ஆம் ஆண்டுகளில் பீகாரில் நீலான் மற்றும் காட்டுப்பன்றி, உத்தராகண்டில் காட்டுப்பன்றி, இமாசலப் பிரதேசத்தில் செம்முகக் குரங்கு பற்றி அத்தகைய அறிவிப்புகள் வெளிவந்தன. எலி, காகம் முதலியவற்றைத் தீங்குயிர் என வரிசைப்படுத்திய அட்டவணை 2022-ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டது.

அமெரிக்கப் புல்வெளிக்கும் நம் வயல்களுக்கும் நிலத்தோற்றத்தில் வேறுபாடு பெரிது. அங்கு மைல்கணக்கில் ஆளில்லா வெளி. இங்கு ஒவ்வொரு வரப்பிலும் ஆள் நடமாட்டம். எனவே அங்குள்ள நெடுந்தூர முறை இங்குப் பொருந்தாது. பொருந்துவது மேலே கண்ட கணக்கே. அனுமதி பெற்று விலங்கைச் சுடும் பணியைப் பார்வையிடும் அலுவலர், தூரம் எவ்வளவு, பின்னால் மண்மேடு உண்டா, காயமுற்றால் தேடிச் செல்ல ஆள் உண்டா, இறந்த உடல் உடனே புதைக்கப்படுமா என்னும் நான்கையும் தோட்டாவின் பெயருக்கு முன்னர் விசாரித்தல் வேண்டும்.

தெரிந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் தேர்வின் வரிசை பின்வருமாறு அமையும்.

1. குறியின் அகலத்தையும் உண்மையில் சுட நேரும் தூரத்தையும் முதலில் வரையறுக்க.

2. ரைபிளின் சிதறலை அத்தூரத்தில் அளந்து, பிழைகளுக்கு எஞ்சும் இடத்தைக் காண்க. இடமில்லையெனில் தூரத்தைக் குறைக்க.

3. எஞ்சிய இடத்துக்குள் காற்றுப் பிழை அடங்கும் குண்டைத் தெரிந்தெடுக்க. அடங்கும் குண்டு பல இருப்பின், உதைப்பும் மருந்தும் குறைந்ததைக் கொள்க.

4. அக்குண்டின் நீளத்துக்குக் குழலின் முறுக்கு பொருந்துகிறதா என்று பார்க்க.

5. குண்டு பட்டபின் தெறிப்பாலும் ஈயத்தாலும் நேரக்கூடிய கேட்டை எண்ணுக. கூடுமாயின் ஈயமில்லாததை ஏற்க.

வகுப்பிற்குரிய வினாக்கள்

1. ஒரு கலை 200 மீட்டரில் எத்தனை சென்டிமீட்டர்? 10 சென்டிமீட்டர் குறியில் ஒவ்வொரு பக்கமும் எஞ்சும் இடம் எவ்வளவு? (விடை: 5.8 சென்டிமீட்டர், 2.1 சென்டிமீட்டர்.)

2. ஒரு குண்டு வினாடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு 200 மீட்டரை 0.230 வினாடியில் அடைகிறது. வினாடிக்கு 3 மீட்டர் குறுக்குக் காற்றில் விலகல் எவ்வளவு? (விடை: தாமதம் 0.030 வினாடி, விலகல் 9 சென்டிமீட்டர்.)

3. காற்றே இல்லாத சந்திரனில் சுடப்படும் குண்டுக்குத் தாமதம் எவ்வளவு? அங்கு நீண்ட குண்டினால் ஆதாயம் உண்டா? வீழ்ச்சி உண்டா? காரணங்களுடன் எழுதுக.

4. உங்கள் பகுதியில் பயிருக்குக் கேடு செய்வதாகக் கூறப்படும் விலங்கு ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதனை உண்டு வாழும் உயிர்களையும், அதன் வளையிலோ கூட்டிலோ தங்கும் உயிர்களையும் பட்டியலிடுக.